எட்டு இறாத்தலும் தர்மிஷ்ட சமுதாயமும்

1977 ஆம் ஆண்டு யூலை 21 ஆந் திகதி நடைபெற்ற பொதுத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனங்களுள் 140 ஐ வென்றது. அளிக்கப்பட்ட வாக்குகளில் அக்கட்சிக்குக் கிடைத்தது பாதிக்குச் சற்று மேற்பட்ட பங்கே. எனினும் பாராளுமன்றத்தில் ஆறில் ஐந்து பங்கு அதன் வசமாயிற்று. இடதுசாரிக் கட்சிகளைச் சேர்ந்த ஒருவரேனும் அத்தேர்தலில் தெரிவாகவில்லை. சுதந்திரத்தின் பின் அவ்வாறு நேர்ந்தது அதுவே முதற் தடவை. எதிர்க்கட்சித் தலைமை, 18 ஆசனங்களைப் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணியிடம் சென்றது.

இவ்வெற்றியை ஈட்டித் தந்த வாக்குறுதிகளுள் மூன்று மக்கள் நினைவில் நெடுநாள் நின்றன. ஒவ்வொருவருக்கும் வாரந்தோறும் எட்டு இறாத்தல் தானியம் வழங்கப்படும் என்பது ஒன்று. நீதியும் நேர்மையும் நிலவும் ‘தர்மிஷ்ட’ சமுதாயம் கட்டியெழுப்பப்படும் என்பது மற்றொன்று. கல்வி, குடியேற்றம், மொழிப் பிரயோகம், அரச வேலைவாய்ப்பு ஆகிய துறைகளில் தமிழ் பேசும் மக்களுக்குக் குறைகள் உண்டு என்பதை ஏற்று, அவற்றைத் தீர்க்கும் பொருட்டுச் சர்வகட்சி மாநாடு கூட்டப்படும் என்பது மூன்றாவது. எட்டு இறாத்தல் எவர் வீட்டுக்கும் வந்து சேரவில்லை. தர்மிஷ்ட சமுதாயம் என்னும் தொடர் சில ஆண்டுகளுள் நையாண்டிப் பொருளாயிற்று. சர்வகட்சி மாநாடு 1984 சனவரியிலேதான் கூடியது. அதற்கிடையில் யாழ்ப்பாண நூலகம் சாம்பலாகியிருந்தது. 1983 யூலையும் நிகழ்ந்து முடிந்திருந்தது.

ஆயின், வாக்கு மீறப்பட்டது என்ற குற்றச்சாட்டோடு நின்றுவிடும் விமர்சனம் தேர்தல் மேடைப் பேச்சின் தரத்தைத் தாண்டாது. சொன்னதைச் செய்யாது விட்ட அரசுகள் இலங்கையிற் பல. இவ்வரசைப் பொறுத்தவரை எழுப்ப வேண்டிய வினா வேறு: அது காப்பாற்றிய வாக்குறுதிகள் எவை? இறக்குமதிக் கட்டுப்பாடுகளை அகற்றுவதாகச் சொன்னது. நிதியமைச்சர் றொனி டி மெல் 1977 நவம்பரிற் சமர்ப்பித்த முதலாவது வரவு செலவுத் திட்டத்திலேயே அவற்றிற் பெரும்பாலானவற்றை அகற்றியது. ரூபாவின் பெறுமதி ஒரே நாளிற் குறைக்கப்பட்டு, ஒரு டொலர் ஏறத்தாழ 16 ரூபாவாயிற்று. அந்நிய மூலதனத்துக்கு வழி திறப்பதாகச் சொன்னது. 1978 இலேயே பாரிய கொழும்புப் பொருளாதார ஆணைக்குழு நிறுவப்பட்டு, கட்டுநாயக்காவிற் சுதந்திர வர்த்தக வலயம் உருவாயிற்று. அங்கு தொழில் தொடங்குவோருக்கு நீண்டகால வரிவிலக்கு. தொழிற்சங்கங்களுக்கோ நடைமுறையில் உள்ளே நுழைய வழியில்லை. முப்பது ஆண்டுகளில் நிறைவு செய்யத் திட்டமிட்டிருந்த மகாவலித் திட்டத்தை ஆறு ஆண்டுகளில் முடிக்கப் போவதாகச் சொன்னது; பிரித்தானியா, சுவீடன், கனடா, மேற்கு ஜேர்மனி ஆகிய நாடுகளின் பணத்தோடும் ஒப்பந்தக்காரரோடும் விக்டோரியா, கொத்மலை, மாதுறு ஓயா, ரந்தெனிகலை என அணைகள் எழுந்தன. நிறைவேற்று அதிகாரமுடைய ஜனாதிபதி ஆட்சிமுறை வரும் என்று சொன்னது. 1978 பெப்ரவரி 4 ஆந் திகதி ஜே. ஆர். ஜயவர்த்தன அப்பதவியில் அமர்ந்தார். முந்திய ஆட்சி ஏற்படுத்திய குற்றவியல் நீதி ஆணைக்குழுச் சட்டம் நீக்கப்பட்டு, 1971 கிளர்ச்சியின் கைதிகள் விடுவிக்கப்பட்டதையும் இப்பட்டியலிற் சேர்ப்பதே நியாயம்.

இப்பட்டியல் சோம்பலோ மறதியோ உள்ள ஓர் அரசின் பட்டியலன்று. மூலதனத்துக்கும் அதிகாரத்துக்கும் கொடுத்த சொல் ஓராண்டுக்குள் சட்டமாயிற்று. அரிசிக்கும் நீதிக்கும் சிறுபான்மையினருக்கும் கொடுத்த சொல்லே காத்திருக்க வைக்கப்பட்டது. இவ்விரண்டும் தற்செயலாக அருகருகே நிகழ்ந்தனவுமல்ல. முன்னதற்கான செலவு பின்னதிலிருந்தே அறவிடப்பட்டது. இதனை அரிசியின் வரலாற்றிலே மிகத் தெளிவாகக் காணலாம்.

1953 இல் டட்லி சேனநாயக்காவின் அமைச்சரவையில் நிதியமைச்சராக இருந்தவர் இதே ஜயவர்த்தனவே. அவ்வாண்டு அரிசி மானியம் வெட்டப்பட்டு, பங்கீட்டு அரிசி கொத்தொன்றின் விலை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஒரேயடியாக உயர்ந்தது. ஓகஸ்ட் 12 ஆந் திகதி இடதுசாரிகள் அழைத்த ஹர்த்தால் நாட்டை முடக்கியது. தமிழரசுக் கட்சியும் அதனை ஆதரித்தது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலொன்றிற் கூட வேண்டியதாயிற்று. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. பிரதமர் சில வாரங்களிற் பதவி துறந்தார். இப்பாடத்தை ஜயவர்த்தன மறக்கவில்லை என்பதற்கு 1977 இன் பின்னர் அவர் கையாண்ட முறையே சான்று. இம்முறை வெட்டு ஒரே வீச்சில் விழவில்லை. 1978 சனவரியிற் பங்கீட்டு அரிசி மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கு மாத்திரம் என வரையறுக்கப்பட்டது. நாட்டு மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அத்தோடு பங்கீட்டிலிருந்து வெளியேறினர். வெளியேறியோருக்கும் எஞ்சியோருக்குமிடையே பொதுவான போராட்டத்துக்கு இடமில்லாது போயிற்று. 1979 செப்டெம்பரில் அரிசியே நின்று, அதனிடத்தில் உணவு முத்திரை வந்தது: எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மாதம் 25 ரூபா, பன்னிரண்டு வயது வரை 20, அதற்கு மேற்பட்டவருக்கு 15. பண்டமாகக் கிடைத்து வந்த உரிமை பணத்தின் உருவெடுத்தது. அப்பணத்தின் தொகை மாறாது நிலைநிறுத்தப்பட்டது. பின்னர் செய்ய வேண்டியது எதுவும் இருக்கவில்லை. 1980 ஆம் ஆண்டில் மட்டும் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் நூற்றுக்கு 26 அளவில் உயர்ந்தது. மூன்று ஆண்டுகளுள் முத்திரையின் உண்மைப் பெறுமதி பாதியளவுக்குத் தேய்ந்தது. எந்த அமைச்சரும் பாராளுமன்றத்தில் எழுந்து மானியத்தை வெட்டுவதாக அறிவிக்கவில்லை. விலைவாசியே அவ்வேலையை ஓசையின்றிச் செய்து முடித்தது. கப்பலிற் கூட வேண்டிய தேவையும் எழவில்லை.

மலையகத் தோட்டத் தொழிலாளர் நிலை இன்னும் விசித்திரமானது. கிராமத்துச் சிறு வியாபாரியின் வருமானத்தை அளக்க எவராலும் இயலவில்லை. அவர் சொன்னதே கணக்கு. தோட்டத் தொழிலாளியின் சம்பளமோ தோட்டக் கந்தோரின் பதிவேட்டிற் சதக் கணக்கில் எழுதப்பட்டிருந்தது. கணவன், மனைவி, பிள்ளை என மூவர் உழைத்துப் பெற்ற கூலியை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தபோது குடும்பம் வறுமைக் கோட்டைத் தாண்டிவிட்டதாகக் கருதப்பட்டது. நாட்டின் மிக வறிய உழைப்பாளரிற் பலருக்கு இவ்வாறு முத்திரை கிடைக்காது போயிற்று. அவர்களது மிகப் பெரிய தொழிற்சங்கத்தின் தலைவர் சௌ. தொண்டமான் 1978 முதல் அமைச்சரவையில் இருந்தார் என்பதும் இங்கே குறிப்பிடத்தக்கது.

திறந்த பொருளாதாரத்தால் எவருக்கும் நன்மையில்லை என்று வாதிடுவது உண்மைக்கு மாறானது. 1978 இல் மொத்த உற்பத்தி நூற்றுக்கு எட்டுக்கு மேல் வளர்ந்தது. வேலையற்றோர் விகிதம் குறைந்தது. ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் கட்டுநாயக்காவில் முதன்முதலாகக் கூலி பெற்றனர். அக்கூலி குறைவானதே எனினும் அவர்கள் கைக்கு வந்த முதற் பணம் அது. ஆனால் அவ்வளர்ச்சி எவ்வாறு பங்கிடப்பட்டது என்பதை மத்திய வங்கியின் நுகர்வோர் நிதி அளவீடுகளே காட்டுகின்றன. வருமான ஏற்றத்தாழ்வை அளக்கும் கினிக் குணகம் 1973 இல் 0.41 ஆக இருந்தது. 1981/82 இல் 0.52 ஆக உயர்ந்தது. அடிமட்டத்திலுள்ள மக்களின் உணவுக் கலோரி அளவு இதே காலத்திற் குறைந்தது. எட்டு இறாத்தல் வாக்களிக்கப்பட்ட நாட்டில், உற்பத்தி பெருகிக்கொண்டிருந்த காலத்தில், ஏழை முன்னையிலும் குறைவாக உண்டான்.

யாழ்ப்பாணக் குடாநாட்டு விவசாயியை இவ்வரசின் பொருளாதார விமர்சகர்கள் போதியளவு கவனித்ததில்லை. 1970 இலிருந்து 1977 வரை செத்தல் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதி தடுக்கப்பட்டிருந்தது. கூட்டு முன்னணி அரசிடம் தமிழர் கொண்டிருந்த கசப்பு நியாயமானதே. எனினும் அவ்வரசின் இறக்குமதித் தடையாற் பெரும்பயன் பெற்றவர்களும் வடபகுதித் தோட்டக்காரரே. கிணற்றடியில் நீரிறைக்கும் இயந்திரம், கல்வீடு, மகளின் சீதனம் எனப் பல மிளகாய்க் காசிலேயே ஆயின. பல்கலைக்கழக வாயிலும் அரச உத்தியோகமும் அடைபட்ட இளைஞர் விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் நிலம் வெட்டி மிளகாய் பயிரிட்டனர். 1977 இன் பின் துறைமுகம் திறந்தபோது இந்த விலை சரிந்தது. அதே வேளையில் மண்ணெண்ணெயும் பசளையும் கிருமிநாசினியும் விலையேறின. கிழக்கில் மருதமுனை போன்ற ஊர்களின் கைத்தறிகளுக்கும் நேர்ந்தது இதுவே. இறக்குமதித் துணியோடு அவை ஈடுகொடுக்க இயலவில்லை. கல்வியில் ஒரு கதவு மூடப்பட்ட தலைமுறைக்கு மண்ணில் எஞ்சியிருந்த கதவும் மூடப்பட்டது. அதன்பின் அவ்விளைஞர் எத்திசையை நோக்குவர் என்பதை முன்னுணர அரசியல் ஞானம் அதிகம் தேவைப்பட்டிருக்காது. கூட்டணியின் தலைவர்கள் இதனை ஒரு வர்க்கப் பிரச்சினையாக என்றுமே எழுப்பவில்லை. சட்டத்தரணிகளைத் தலைமையாகக் கொண்ட கட்சிக்கு மிளகாய் விலை இரண்டாந்தர விடயமாகவே தோன்றியிருத்தல் வேண்டும்.

1980 யூலை வேலைநிறுத்தம் இப்பின்னணியில் எழுந்தது. மாதம் 300 ரூபா சம்பள உயர்வு கேட்டு அரச ஊழியர் வேலையை நிறுத்தினர். அதற்கு முந்திய மாதமே மதிய உணவு இடைவேளை மறியலொன்றிற் சோமபால என்ற தொழிலாளி கொல்லப்பட்டிருந்தார். அவசரகாலச் சட்டத்தின் கீழ் அத்தியாவசிய சேவைகள் பிரகடனப்படுத்தப்பட்டன. வேலைக்கு வராதோர் தாமாகவே பதவி துறந்தோராகக் கருதப்பட்டனர். நாற்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு ஒரே வாரத்தில் தெருவுக்கு வந்தனர். இதனைக் கடும்போக்கு என்று மட்டும் விளக்குவது போதாது. கட்டுநாயக்காவுக்கு வரும் முதலீட்டாளருக்கு விளம்பரப்படுத்தப்பட்டது மலிவான, அடங்கிய உழைப்பு. அவ்விளம்பரம் உண்மையென மெய்ப்பிக்கப்பட வேண்டியிருந்தது. நாற்பதினாயிரம் குடும்பங்கள் அதற்கான செலவாயின. மறியலில் நின்றோரைத் தாக்கியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டோர் பெரும்பாலும் ஆளுங்கட்சியின் தொழிற்சங்கமான ஜாதிக சேவக சங்கமயவைச் சேர்ந்தோர். அச்சங்கத்தின் தலைவர் கைத்தொழில் அமைச்சர் சிறில் மத்தியூ. இப்பெயரை வாசகர் நினைவில் வைத்திருப்பது நன்று.

தர்மிஷ்ட சமுதாயத்தைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, நிகழ்ச்சிகளே போதும். 1980 ஒக்டோபரில் முன்னாட் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் குடியியல் உரிமை ஏழு ஆண்டுகளுக்குப் பறிக்கப்பட்டது. 1982 ஒக்டோபர் ஜனாதிபதித் தேர்தலில் ஜயவர்த்தன வென்றார். பொதுத் தேர்தல் நடந்திருப்பின், 1978 அரசியலமைப்பு அறிமுகப்படுத்திய விகிதாசார முறையில், ஆறில் ஐந்து பெரும்பான்மை கரைந்துபோயிருக்கும். எனவே தேர்தலே தவிர்க்கப்பட்டது. தமது உறுப்பினரிடமிருந்து திகதியிடாத பதவி விலகற் கடிதங்களை ஜனாதிபதி பெற்றுக் கொண்டார். நக்சலைட் சதி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டதாகக் கூறப்பட்டது. டிசெம்பர் 22 ஆந் திகதி, அவசரகாலச் சட்டம் நடைமுறையிலிருக்க, பாராளுமன்றத்தை மேலும் ஆறு ஆண்டுகளுக்கு நீடிப்பதா என்று சர்வஜன வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. விளக்குக்கு 31 இலட்சம், குடத்துக்கு 26 இலட்சம். பதிவு பெற்ற வாக்காளரோ 81 இலட்சம். அவர்களுள் பத்துக்கு நால்வரினதும் ஆதரவின்றி ஒரு பாராளுமன்றம் 1989 வரை தன் ஆயுளை நீட்டிக் கொண்டது. யாழ்ப்பாண மாவட்டம் பத்துக்கு ஒன்பது என்ற அளவில் குடத்துக்கே வாக்களித்தது.

அவ்வாக்கெடுப்பின்போது பிக்குகளின் அமைப்பொன்றின் துண்டுப்பிரசுரங்களைக் கைப்பற்றிய பொலிஸ் அதிகாரி அடிப்படை உரிமையை மீறினாரென 1983 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு அவருக்குப் பதவி உயர்வு வழங்கி, விதிக்கப்பட்ட தொகையையும் தானே ஏற்றுக் கொண்டது. வேறொரு வழக்கிற் பொலிஸாருக்கெதிராகத் தீர்ப்பளித்த நீதியரசர்களின் வீட்டு வாயில்களிற் கூட்டம் திரண்டு கல்லெறிந்தது. இச்சமுதாயத்தின் ஒழுக்கச் சிதைவைக் கண்டித்து ‘தர்மிஷ்ட சமாஜய’ என்ற தலைப்பிலேயே நூலெழுதிய பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 1982 இற் கொழும்பிற் கூட்டமொன்றிலே தாக்கப்பட்டார். அவர் இடதுசாரியல்லர், பண்பாட்டு மரபிற் பற்றுக் கொண்ட பௌத்த அறிஞர். தர்மத்தின் பெயரால் வந்த அரசுக்கு அவரது கண்டனமே பொறுக்க முடியாததாயிற்று.

தமிழ் பேசும் மக்களுக்களித்த வாக்குறுதிக்கு வருவோம். அது எழுதப்பட்டபோதே நம்பத்தக்கதாயிருந்ததா என்ற ஐயத்துக்கு இடமுண்டு. பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தத்தை எதிர்த்து 1957 இற் கண்டிக்குப் பாதயாத்திரை புறப்பட்டவர் ஜயவர்த்தன. எனினும் 1977 விஞ்ஞாபனம், தீர்வின்மையே தமிழரைப் பிரிவினை வரை தள்ளியது என்பதை ஒப்புக்கொள்ளும் அளவுக்கு வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தது. பதவியேற்ற ஒரு மாதத்துள் 1977 ஓகஸ்ட் வன்செயல் வெடித்தது. விசாரிக்க சன்சோனி ஆணைக்குழு வந்தது. மாநாடு வரவில்லை. 1979 யூலையிற் பயங்கரவாதத் தடைச் சட்டம் மூன்றாண்டுகளுக்கெனக் கொண்டுவரப்பட்டு, 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது. மொழிவாரித் தரப்படுத்தல் 1978 இல் நீக்கப்பட்டது உண்மை. ஆனால் அதற்கெழுந்த எதிர்ப்பின் பின் 1979 இல் வந்த புதிய முறையில் நூற்றுக்கு முப்பது இடங்களே திறமைக்கு ஒதுக்கப்பட்டன. 55 மாவட்டச் சனத்தொகைக்கும் 15 பின்தங்கிய மாவட்டங்களுக்கும் சென்றன. இம்முறை மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் நன்மையும் செய்தது என்பதை யாழ்ப்பாணத்து விமர்சகர் பலர் வசதியாக மறந்துவிடுவர்.

1981 இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தன. அதிகாரம் மிகச் சிறிது. நிதி அதனினும் சிறிது. கூட்டணி அதையும் ஏற்றுத் தேர்தலில் நின்றது. யூன் 4 ஆந் திகதி வாக்களிப்பு. அதற்கு முன், மே 31 ஆந் திகதி தொடங்கிய பொலிஸாரின் வெறியாட்டத்தில் யாழ்ப்பாண நூலகம் 97,000 அளவிலான நூல்களோடும் ஏட்டுச் சுவடிகளோடும் எரிந்தது. அவ்வேளையில் மூத்த அமைச்சர்கள் இருவர் யாழ்ப்பாணத்திலேயே தங்கியிருந்தனர். அவருள் ஒருவர் சிறில் மத்தியூ.

1983 யூலை வன்செயலை இனவெறி என்ற ஒரு சொல்லால் விளக்கிவிடுவோர் உளர். மாக்சிய சமூகவியலாளர் நியூட்டன் குணசிங்க அடுத்த ஆண்டே வேறொரு விளக்கத்தை முன்வைத்தார். கட்டுப்பாட்டுப் பொருளாதாரத்தில் அனுமதிப்பத்திரமும் கோட்டாவும் பெற்று வளர்ந்த சிங்களச் சிறு தொழிலதிபர், திறந்த சந்தையில் அரச ஆதரவை இழந்து சரிந்தனர்; அரசின் தயவின்றிச் சந்தையை மட்டும் நம்பிப் பழகியிருந்த தமிழ் வணிகர் சிலர் நிமிர்ந்தனர்; அச்சரிவின் கோபத்துக்கு இன உருவம் கொடுப்பது எளிதாயிற்று என்பது அவர் வாதம். இதனை முழுமையான விளக்கமாகக் கொள்ளவியலாது. வாக்காளர் இடாப்புகளோடு வீடு வீடாகத் தமிழரைத் தேடிச் சென்றது சந்தையின் கோபமன்று. அங்கு ஒழுங்கமைப்பு இருந்தது. மறியல் தொழிலாளரை 1980 இல் அடித்த அதே சங்கத்தின் ஆட்கள் அதிற் பங்கெடுத்தமை ஆய்வாளர் பலராற் சுட்டிக்காட்டப்பட்டுள்ளது. வேலைநிறுத்தத்தை முறியடிக்க வளர்க்கப்பட்ட படை, மூன்றாண்டுகளின் பின் வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் வேலை செய்தது. அரிசிக்கான வாக்குறுதியும் இனப்பிரச்சினைக்கான வாக்குறுதியும் இணையும் இடம் இதுவே. இவ்விரண்டையும் தனித்தனியே நோக்கியவர்கள் இரண்டையுமே விளங்கிக் கொள்ளவில்லை.

இவ்விடத்தில் இடதுசாரிகளின் பொறுப்பைச் சொல்லாது விடுதல் முறையன்று. 1975 இல் நடைபெற்றிருக்க வேண்டிய தேர்தலை 1972 அரசியலமைப்பைக் கொண்டு இரண்டு ஆண்டுகள் தள்ளிப் போட்டது ஐக்கிய தேசியக் கட்சியன்று. அவ்வரசியலமைப்பை வரைந்த அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா, லங்கா சமசமாஜக் கட்சியின் மூலவர்களுள் ஒருவர். அதிலேதான் பௌத்தத்துக்கு முதன்மை இடம் வந்தது. சோல்பரி யாப்பின் சிறுபான்மையினர் காப்பு நீங்கியது. 1966 சனவரி 8 ஆந் திகதி தமிழ் மொழிப் பிரமாணங்களை எதிர்த்து இனவாதச் சுலோகங்களோடு கொழும்பில் ஊர்வலம் சென்றோருள் செங்கொடி ஏந்தியோரும் இருந்தனர். ஆறு ஆண்டு அவசரகால ஆட்சி, 1976 இறுதியின் வேலைநிறுத்தங்களை அடக்கிய முறை, மொழிவாரித் தரப்படுத்தல் ஆகியவற்றுக்கும் முன்மாதிரி அமைத்துக் கொடுத்தது கூட்டு முன்னணி ஆட்சியே. 1953 இல் தமிழரசுக் கட்சியின் ஆதரவையும் பெற்று ஹர்த்தால் நடத்திய இயக்கம், 1980 இல் வேலைநிறுத்தம் செய்தபோது வடக்கு அதனைத் தன் போராட்டமாகக் கருதவில்லை. கருதுவதற்கு இடையில் ஒரு காரணமும் அதற்குக் கொடுக்கப்படவில்லை.

பின்வந்த ஆட்சிகள் 1977 அரசை எவ்வளவு கண்டித்தும் அதன் அமைப்பைக் குலைக்கவில்லை. ஜனாதிபதி ஆட்சிமுறையை ஒழிப்பதாக 1994, 2005, 2015 ஆகிய ஆண்டுகளிற் பதவிக்கு வந்தோர் மூவரும் வாக்களித்தனர். மூவரும் அப்பதவியை ஒழிக்காது அதிலேயே இருந்தனர். சந்திரிகா குமாரதுங்கவின் அரசு திறந்த பொருளாதாரத்துக்கு ‘மனித முகம்’ தருவதாகக் கூறியது. பொருளாதாரம் திறந்தபடியே இருந்தது.

1983 யூலை 30 ஆந் திகதி, கடைகளும் வீடுகளும் இன்னும் புகைந்துகொண்டிருக்க, அரசு தன் விளக்கத்தை வெளியிட்டது. வன்செயலின் சூத்திரதாரிகள் இடதுசாரிகள் எனக் கூறி, கம்யூனிஸ்ட் கட்சி, நவ சமசமாஜக் கட்சி, மக்கள் விடுதலை முன்னணி ஆகிய மூன்றையும் தடைசெய்தது. அக்குற்றச்சாட்டு எந்த நீதிமன்றத்திலும் மெய்ப்பிக்கப்படவில்லை. ஓகஸ்டில் ஆறாவது திருத்தம் நிறைவேறி, பிரிவினையை மறுக்கும் சத்தியப்பிரமாணத்தைச் செய்ய மறுத்த கூட்டணி உறுப்பினர் ஆசனங்களை இழந்தனர். ஐந்து மாதங்களின் பின், 1984 சனவரியில், சர்வகட்சி மாநாடு கொழும்பிற் கூடியது. அதே ஆண்டு டிசெம்பரில், முடிவெதனையும் எட்டாது, கலைந்தது.